அறுவைச் சிகிச்சைக்குப் பின் அட்டை விடும் மருத்துவமனைகளின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு உறுப்பினர்களுக்கும், ஒட்டறுவை மற்றும் நுண் அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். அட்டை சிகிச்சையை, அதாவது இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிகளைக் கடிக்கவிட்டுத் தேங்கிய இரத்தத்தை வடிக்கும் முறையை, நிறுத்துங்கள் என்று கேட்பதற்காக அல்ல. தொடருங்கள், ஆனால் ஆய்வகத்துக்குச் சொல்லாமல் தொடராதீர்கள் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன். ஒட்டவைத்த விரலுக்கு அட்டை விடலாம் என்று முடிவெடுக்கும்போதே, அதோடு எந்த ஆன்டிபயாடிக் தருவது என்பதும் முடிவாகிவிட வேண்டும். அந்த அட்டைகள் எந்தத் தொகுதியைச் (ஒரே தடவையில் வந்திறங்கிய கூட்டத்தைச்) சேர்ந்தவை, அத்தொகுதியின் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு என்ன என்பதும் கேட்கப்பட வேண்டும். இன்று பல இடங்களில் இவ்விரண்டும் சீழ் வைத்த பிறகே பேசப்படுகின்றன.

அட்டையின் பயனை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துண்டான விரலையோ காதையோ மீண்டும் பொருத்தும்போதும், உடலின் ஓரிடத்துத் தோலையும் தசையையும் திசுமடலாக எடுத்து வேறோரிடத்தில் வைக்கும்போதும், தமனி வழியாக இரத்தம் உள்ளே வந்துவிடுகிறது. மெல்லிய சுவருடைய சிரைகளை இணைப்பது கடினம் என்பதால் அது வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. திசு கருநீலமாகி வீங்கி, சில மணி நேரத்தில் செத்துப்போகத் தொடங்குகிறது. புதிய சிறு நாளங்கள் முளைத்து வடிகால் உருவாகும் வரையிலான அந்தச் சில நாட்களைக் கடக்க அட்டை உதவுகிறது. ஓர் அட்டை ஒரு தடவைக்கு 5 முதல் 15 மில்லிலிட்டர் வரையே குடிக்கும் என்றாலும், அதன் உமிழ்நீரிலுள்ள, இரத்தத்தை உறையவிடாத ஹிருடின் முதலான பொருட்களால் அது விழுந்த பின்னும் கடிவாயிலிருந்து பல மணி நேரம் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். உண்மையான வடிகால் அந்தக் கசிவுதான். 1960-இல் ஸ்லோவேனிய மருத்துவர்கள் இருவர் திசுமடல்களில் இதைப் பயன்படுத்தியதைப் பதிவு செய்தார்கள். 1985-இல் பாஸ்டன் நகரில் ஒரு சிறுவனின் காதை மீண்டும் பொருத்தியபோது அட்டைகள் உதவிய செய்தி உலகம் முழுக்கப் பரவிய பின், இது நுண் அறுவைச் சிகிச்சையில் ஏற்கப்பட்ட முறையாகிவிட்டது.

2004-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருத்துவ அட்டையை ஒரு மருத்துவக் கருவி என்ற வகையில் விற்க அனுமதித்தது. நிர்வாக வசதிக்கு அந்த வகைப்பாடு சரியாக இருக்கலாம். ஆனால் அறுவை அரங்கில் நீங்கள் கையாளும் மற்ற எந்தக் கருவியும் கிருமி நீக்கம் செய்யப்பட்டே நோயாளியைத் தொடுகிறது. அட்டையை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) வைக்க முடியாது, கிருமிநாசினியில் ஊறவைக்கவும் முடியாது. வெளித்தோலைக் கழுவலாம், அவ்வளவுதான். குடலுக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

அங்கே இருப்பது முதன்மையாக ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியா. அட்டை தன் எடையைப்போலப் பல மடங்கு இரத்தத்தை ஒரே வேளையில் குடித்து, மாதக்கணக்கில் வைத்துச் செரிக்கும் உயிரினம். உடல் சூட்டில் வந்த இரத்தம் ஒரு பைக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் அழுகிப்போக வேண்டும். அது அழுகாமல் காப்பதிலும், சிவப்பணுக்களைச் செரிக்க உதவுவதிலும் இந்தப் பாக்டீரியாவுக்குப் பங்குண்டு என்று கருதப்படுகிறது. உறிஞ்சப்பட்ட இரத்தத்தில் உள்ள, கிருமிகளைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் குடலுக்குள்ளும் சிறிது நேரம் வேலை செய்து, வந்து சேரும் மற்றப் பாக்டீரியாக்கள் பலவற்றைக் கொன்றுவிடுகின்றன. ஏரோமோனாஸ் அவற்றுக்குத் தாக்குப்பிடிக்கிறது. இதன் பொருளை மருத்துவப் பக்கத்திலிருந்து பார்த்தால் கவலை தருகிறது: மனித இரத்தத்தின் முதல் நிலைத் தற்காப்பைத் தாங்கிப் பழகிய ஒரு பாக்டீரியாவைத்தான், இரத்த ஓட்டம் குன்றிய திசுவின் மேல் நாம் கொண்டுபோய் வைக்கிறோம். அதை அட்டையிலிருந்து அடியோடு நீக்கினால் அட்டையின் செரிமானமே பாதிக்கப்படலாம். ஆகவே ஏரோமோனாஸ் இல்லாத அட்டையை நல்ல பண்ணையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. பண்ணையில் வளர்ந்ததா, குளத்தில் பிடித்ததா என்பது வேறு பல கிருமிகளைப் பொறுத்தவரை முக்கியம். ஏரோமோனாஸைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

முன்தடுப்பு மருந்து (தொற்று வராமலிருக்க முன்கூட்டியே தரும் ஆன்டிபயாடிக்) தராத நிலையில் எவ்வளவு பேருக்குத் தொற்று வருகிறது என்பதில் வெளியான கணக்குகள் பெரிதும் வேறுபடுகின்றன. நூற்றுக்கு இரண்டு மூன்று என்பதிலிருந்து இருபதுக்கு மேல் வரை சொல்லப்பட்டிருக்கிறது. இந்த விரிந்த இடைவெளியைக் காட்டி ‘அரிதான சிக்கல்தானே’ என்று கடந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அட்டை சிகிச்சையால் 70 முதல் 80 சதவீதம் வரை திசுமடல்கள் பிழைக்கின்றன என்றால், தொற்று ஏற்பட்டவற்றில் அந்த விகிதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்குவதாக 1990-களிலேயே எழுதப்பட்டுள்ளது. எந்தத் திசுமடலைக் காப்பாற்ற அட்டை விட்டோமோ அதே மடலை அட்டையின் கிருமிக்குப் பறிகொடுப்பது என்பது, எத்தனை பேருக்கு நடந்தாலும், தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு. மடலோடு நின்றுவிடாமல் சீழ்க்கட்டியாகவும், இரத்தத்தில் பரவிய செப்சிஸாகவும், மிக அரிதாக மூளைக்காய்ச்சலாகவும் அது முடிந்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன.

இனி மருந்து. இங்கேதான் நான் அடிக்கடி காணும் இடைவெளி இருக்கிறது. ஒட்டறுவைக்குப் பின் நோயாளிக்கு ஏற்கெனவே ஓர் ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது செஃபசோலின், அல்லது அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்து. தோல் கிருமிகளை எண்ணி எழுதப்பட்ட சீட்டு அது. மறுநாள் மடல் கறுக்கிறது, அட்டை வருகிறது, ‘ஆன்டிபயாடிக் போகிறதா?’ என்று யாரோ கேட்க, ‘போகிறது’ என்று பதில் வர, அத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஏரோமோனாஸ் இயல்பாகவே ஆம்பிசிலினுக்குக் கட்டுப்படாதது. முதல் தலைமுறை செஃபலோஸ்போரின்களையும், அமாக்சிசிலின்–கிளாவுலானிக் அமிலத்தையும்கூடப் பெரும்பாலும் எதிர்த்து நிற்பது. ஆக, சீட்டில் மருந்து இருக்கிறது, நோயாளிக்குப் பாதுகாப்பு இல்லை. மற்றொரு வகை இடைவெளியும் உண்டு: அறுவைக்கான மருந்து இரண்டாம் நாளோடு நிறுத்தப்படும், அட்டையோ ஐந்தாம் ஆறாம் நாள் வரை தொடரும். முன்தடுப்பு என்பது முதல் அட்டை கடிப்பதற்கு முன் தொடங்கி, கடைசி அட்டை விழுந்த பின்னும் குறைந்தது ஒரு நாளாவது நீடிக்க வேண்டும். காலக்கணக்கை அறுவை நடந்த நாளிலிருந்து போடக்கூடாது. அட்டையிலிருந்து போட வேண்டும்.

சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், செஃப்ட்ரையாக்சோன் ஆகிய மூன்றில் ஒன்றையோ, அவற்றில் இரண்டைச் சேர்த்தோ பயன்படுத்துவது வழக்கம். வாய்வழி கொடுக்க எளிது என்பதால் பல பிரிவுகளில் ‘அட்டை என்றால் சிப்ரோ’ என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. அந்த விதியை இப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும். அட்டை சிகிச்சைக்குப் பின் சிப்ரோவுக்குக் கட்டுப்படாத ஏரோமோனாஸ் தொற்று வந்த நோயாளியின் விவரம் 2013-இல் வெளியானது; அதையொட்டி வேறு இடங்களிலிருந்தும் அப்படிப்பட்ட அறிக்கைகள் வந்தன. எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு 2018-இல் ஓர் ஆய்வு விடை தேடியது. அட்டைகளின் குடலில் சிப்ரோ வகை மருந்தின் மிக நுண்ணிய அளவு இருந்ததையும், ஆய்வகத்தில் ‘எதிர்ப்பு’ என்று நாங்கள் எழுதும் வரம்புக்கு மிகக் கீழான அந்த அளவே எதிர்ப்புடைய பாக்டீரியாவுக்குச் சாதகமாக அமைவதையும் அது காட்டியது. பண்ணையில் அட்டைக்கு ஊட்டும் பறவை இரத்தத்தில், அந்தப் பறவைகளுக்குக் கொடுத்த மருந்தின் எச்சம் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அட்டை அந்த இரத்தத்தை மாதக்கணக்கில் வைத்துச் செரிப்பதால், எச்சமும் மாதக்கணக்கில் கிருமிகளோடு உறவாடுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன், சிப்ரோ கலந்த இரத்தத்தை ஊட்டி அட்டையின் குடலைச் சுத்தப்படுத்தலாம் என்று ஒரு யோசனை ஆய்வாக வெளிவந்திருந்தது. அதைச் செய்து பார்க்க ஆசைப்படும் மருந்தகங்கள் இந்த 2018 ஆய்வையும் கூடவே படிக்க வேண்டும். வளர்க்கும் தொட்டி நீரில் ஆன்டிபயாடிக் கரைப்பதும் என் கருத்தில் இதே தவறுதான்.

மற்ற இரண்டு மருந்துகளும் குறையற்றவை அல்ல. செஃப்ட்ரையாக்சோனை உடைக்கும் நொதிக்கான மரபணு ஏரோமோனாஸின் குரோமோசோமிலேயே உண்டு. தொடக்கத்தில் அடங்கியிருந்து, மருந்து போகப்போக அது தலைதூக்கலாம். கார்பாபெனம் வகையை உடைக்கும் நொதியும் சில இனங்களில் உண்டு, மருந்து தோய்ந்த வில்லைகளை வைத்துப் பார்க்கும் வழக்கமான டிஸ்க் பரிசோதனையில் அது தென்படாமல் போவதும் உண்டு. கோட்ரைமாக்சசோல் பல இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் சல்ஃபா ஒவ்வாமையும் சிறுநீரகக் குறைபாடும் உள்ளவர்களுக்கு அதை யோசித்தே தர வேண்டும். எனவே எல்லா மருத்துவமனைக்கும் பொருந்தும் ஒரே மருந்தின் பெயரை இந்த மடலில் நான் எழுதவில்லை. உங்களிடம் உள்ள அட்டைகளில் உள்ள பாக்டீரியா எதற்குக் கட்டுப்படுகிறதோ அதுதான் உங்களுக்கான மருந்து.

அதைத் தெரிந்துகொள்ளும் வழி கடினமானது அல்ல. புதிய தொகுதி வந்திறங்கியதும் ஓர் அட்டையையும் தொட்டி நீரின் மாதிரியையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அட்டையை மயக்கி, வெளிப்புறத்தைச் சுத்தம் செய்து, குடற்பகுதியை எடுத்து வளர்த்தால் இரண்டு மூன்று நாளில் பாக்டீரியாவின் இனமும், அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் கையில் இருக்கும். ஒரு தொட்டியில் உள்ள எல்லா அட்டைகளிலும் ஒரே வகை பாக்டீரியா இருக்கும் என்று உறுதி கூற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஓர் அட்டையின் முடிவு மொத்தத் தொகுதிக்கும் உத்தரவாதம் ஆகாது. ஆனால் அந்த ஒன்றிலேயே சிப்ரோ எதிர்ப்பு தெரிந்துவிட்டால், மொத்தத் தொகுதிக்கும் சிப்ரோவை விலக்கிவிட அது போதும். நள்ளிரவில் அவசரமாக அட்டை தேவைப்பட்டு, முடிவு இன்னும் வராத தொகுதியே இருந்தால், இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தொடங்கி, முடிவு வந்ததும் ஒன்றாகச் சுருக்கிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை தொட்டி நீரைச் சோதிப்பதும் நல்லது. அதில் செரேஷியா, சூடோமோனாஸ் போன்ற வேறு பாக்டீரியாக்கள் குடியேறுவது தெரியவரும்.

ஆய்வகத்துக்கு வரும் படிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். சீழ் மாதிரியோடு வரும் தாளில் ‘காயம், கல்ச்சர்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருக்கும். மக்கான்கி தட்டில் (கிருமி வளர்க்கும் ஒரு வகைத் தட்டில்) மறுநாள் வளர்ந்திருக்கும் பாக்டீரியாக் கூட்டங்களைப் பார்த்தால் குடல் கிருமிகள் போலவே தோன்றும். வேலை மிகுந்த காலைப்பொழுதில் ‘கோலிஃபார்ம்’ (குடல் கிருமி வகை) என்று எழுதி அனுப்பிவிட எல்லா வாய்ப்பும் உண்டு. வேறுபடுத்திக் காட்டுவது ஆக்சிடேஸ் பரிசோதனை. கூட்டத்திலிருந்து குச்சி முனையில் சிறிதளவு எடுத்து, வினைப்பொருள் ஊறிய தாளில் தேய்த்தால், ஏரோமோனாஸ் என்றால் பத்து விநாடிக்குள் தாள் அடர் ஊதாவாக மாறும். கோலிஃபார்ம் என்றால் மாறாது. அதையும் இரத்தம் கலந்த இன்னொரு வகைத் தட்டான இரத்த அகாரிலிருந்து எடுத்தே செய்ய வேண்டும். மக்கான்கி தட்டிலிருந்து எடுத்தால், அதில் ஊறிய அமிலம் முடிவைப் பொய்யாக்கக்கூடும். பத்து விநாடி வேலைதான், ஆனால் அதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் பரிசோதிப்பவருக்கு வர, படிவத்தில் ‘அட்டை விடப்பட்டது’ என்று இருக்க வேண்டும். அந்த இரண்டு சொற்கள் இல்லாததால் நோயாளிக்கு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், பொருந்தாத மருந்து போய்க்கொண்டிருக்கிறது.

வார்டில் நடப்பவற்றில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன். அட்டை வயிறு நிறைந்ததும் தானே விழும். இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். பொறுமையிழந்தோ, அடுத்த நோயாளி காத்திருப்பதாலோ, அதன் மேல் உப்பைத் தூவி, அல்லது வினிகரோ ஸ்பிரிட்டோ விட்டு எடுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. உப்புப் பட்டதும் அட்டை சுருங்கி, வயிற்றில் உள்ளதைக் கடிவாய் வழியாகவே கக்கிவிடுகிறது. ஏரோமோனாஸைக் காயத்துக்குள் செலுத்த இதைவிட நேரடியான வழி இல்லை. பிடித்து இழுத்தாலும் இதே ஆபத்து உண்டு, தாடை காயத்தில் தங்கிவிடவும் கூடும். கட்டாயம் எடுக்க வேண்டியிருந்தால், கையுறை அணிந்த விரல் நுனியையோ மழுங்கிய கருவியையோ அட்டை ஒட்டியிருக்கும் உறிஞ்சுவாயின் ஓரத்தில் நுழைத்து, ஒட்டிய பிடிப்பைத் தளர்த்தி எடுக்கலாம். கடிக்க வைப்பதிலும் கவனம் தேவை: தோலை ஸ்பிரிட்டால் துடைத்தால் அட்டை கடிக்காது, ஆகவே சலைன் அல்லது கிருமி நீக்கிய நீரால் துடைத்து, ஊசியால் லேசாகக் குத்தி ஒரு துளி இரத்தம் காட்டுவது போதும். சுற்றிலும் ஈரக் காஸ் வைத்து அரண் அமைத்தால் அது திறந்த காயத்துக்குள்ளோ வாய்க்குள்ளோ நகர்ந்து போகாது. அட்டை கடிக்கவே மறுத்தால் அட்டையை மாற்றுவதற்கு முன் தமனி ஓட்டத்தைப் பாருங்கள். இரத்தம் வராத திசுவில் அட்டைக்கும் அக்கறை இருப்பதில்லை.

விழுந்த அட்டை மீண்டும் தொட்டிக்குப் போகக்கூடாது. இன்னொரு நோயாளிக்கு அதைப் பயன்படுத்துவது ஹெபடைடிஸ், எச்ஐவி முதலியவற்றுக்கு வழிவிடும் செயல் என்பதால் அதில் விவாதத்துக்கே இடமில்லை. ஆல்கஹாலில் இட்டுக் கொன்று, இரத்தம் தோய்ந்த உயிர்க்கழிவாக அப்புறப்படுத்த வேண்டும்.

தொற்றின் அறிகுறி முதல் நாளிலேயே தெரியலாம், ஒன்றிரண்டு வாரம் கழித்தும் தெரியலாம். தேங்கிய இரத்தத்தால் மடல் ஏற்கெனவே வீங்கி நிறம் மாறியிருப்பதால், தொற்றால் வந்த வீக்கத்தை ‘இன்னும் தேக்கம் குறையவில்லை’ என்று எடுத்துக்கொண்டு, மேலும் அட்டை விடும் தவறு எளிதில் நேர்கிறது. குறைந்துவந்த வீக்கம் மறுபடி ஏறுவது, மடலைத் தாண்டிச் சுற்றுத்தோல் சிவப்பது, கடிவாய்களில் கலங்கிய நீர் வடிவது, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அடுத்த அட்டைக்கு முன் ஒரு மாதிரி எடுத்து அனுப்புங்கள். நோயாளி வீடு திரும்பிய பின் அறிகுறி வருமானால், அவர் வேறொரு மருத்துவரிடம் போவார். அந்த மருத்துவருக்கு அட்டை விட்ட செய்தியே தெரியாது. டிஸ்சார்ஜ் தாளில் அட்டை சிகிச்சை நடந்த தேதிகளும், தந்த முன்தடுப்பு மருந்தின் பெயரும் இடம்பெற வேண்டும்.

ஆன்டிபயாடிக் சிக்கனத்தை வலியுறுத்தும் அதே குழுக்களிடம், கூடுதலாக ஒரு மருந்து கொடுங்கள் என்று நான் கேட்பது முரணாகத் தோன்றலாம். சிகிச்சைக்கு முன் மருந்தே தராமல், அறிகுறி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். சாதாரணக் காயத்துக்கு அந்த வாதத்தை நானும் ஆதரிப்பேன். ஆனால் தேங்கிய மடலுக்குள், தொற்று வந்த பிறகு இரத்தத்தின் வழியாக மருந்தைப் போதிய அளவு கொண்டுசேர்ப்பதே சிரமம். இங்கே சிக்கனம் என்பது மருந்தைத் தவிர்ப்பதில் இல்லை. கிருமிக்குப் பொருந்தாத செஃபசோலினை நாட்கணக்கில் நீட்டிக்காமல் நிறுத்திவிட்டு, பொருந்தும் ஒன்றை அட்டையோடு தொடங்கி அட்டையோடு முடிப்பதில்தான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் தடையாக இருப்பது செலவோ கருவியோ அல்ல என்பது என் கணிப்பு. அட்டைக்கு ஆணையிடுபவர் அறுவை மருத்துவர், வாங்கி வைப்பது மருந்தகம், விடுவது செவிலியர், கிருமியைக் கண்டுபிடிப்பது ஆய்வகம்; இந்த நால்வரையும் இணைக்கும் ஒரு தாள் பெரும்பாலான இடங்களில் இல்லை. ஆகவே தங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் அட்டைக்கென ஒரு தனி ஆணைப் படிவத்தை ஏற்க வேண்டுகிறேன். தொகுதி எண், அத்தொகுதியின் கல்ச்சர் முடிவு, முன்தடுப்பு மருந்து, முதல் வேளை கொடுத்த நேரம், நோயாளியின் ஒவ்வாமை விவரம், நோயாளிக்குத் தொற்று அபாயம் விளக்கப்பட்டதற்கான கையொப்பம் ஆகியவை அதில் இருக்கட்டும். மருந்து வரி நிரப்பப்படாத படிவத்துக்கு மருந்தகம் அட்டை வழங்கக் கூடாது. படிவத்தின் ஒரு நகல் அன்றே ஆய்வகத்துக்கு வர வேண்டும். படிவத்தின் நுண்ணுயிரியல் பகுதியை வரைந்து தருவதற்கும், தொகுதிச் சோதனைக்கான செய்முறையை எழுதித் தருவதற்கும் எந்த ஆய்வகமும் தயங்காது; கேட்கப்பட வேண்டும் என்பதுதான் பாக்கி.

இப்படிக்கு,
மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர் ஒருவர்